அஞ்சாம் வகுப்புத் தண்ணி

நடவு நாளில் எங்க சேரிப் பொம்பளைங்க விடிகாலை வயலில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுவார்கள். அவ்வளவு நேரமும் முழங்கால் வரை தண்ணி. சாயந்திரம் பார்த்தால் கால்விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண். மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள். அது எப்படிப்பட்ட தண்ணி என்று எந்த அதிகாரியும் அவர்களிடம் சொன்னதில்லை. அவர்களைக் கேட்டதும் இல்லை.

அரசாங்கத்திடம் தண்ணிக்கு ஒரு கணக்கு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு, ஏரிகளை அவற்றின் 'சிறந்த பயன்பாட்டை' வைத்து அய்ந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்கது ஏ. குளிக்க பி. சுத்திகரித்துக் குடிக்க சி. மீனும் காட்டுயிரும் வாழ டி. பாசனத்துக்கும் ஆலைகளைக் குளிர்விக்கவும் இ. வர்ணம் நாலு, அதற்கும் வெளியே அஞ்சாவதாகப் பஞ்சமன் என்று எழுதி வைத்த நாட்டில் தண்ணியிலும் ஒரு அஞ்சாம் வகுப்பு! அந்த வகுப்புக்கு உப்பு, சோடியம், போரான், அமில-கார நிலை, இவ்வளவுதான் பார்ப்பார்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு, கிருமி எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. அந்தத் தண்ணிக்குள் பயிர் நிற்பது ஏட்டுக்குத் தெரியும். பயிரை நட்டவள் நிற்பது தெரியாது.

இந்த அய்ந்து வகுப்பிலுமே விடுபட்டுப் போன ஒன்று இருக்கிறது. பாஸ்பரசுக்கும் மொத்த நைட்ரஜனுக்கும் எதிலும் வரம்பு இல்லை. டி வகுப்பில் அம்மோனியாவுக்கு மட்டும் ஓர் அளவு சொல்லியிருக்கிறார்கள். யூரியா, டி.ஏ.பி., சாக்கடை, இறால் பண்ணைக் கழிவு எல்லாம் தண்ணியில் கொண்டு வந்து கொட்டுவது இந்த இரண்டையும்தான். இவை விஷமில்லையே, பயிருக்குச் சத்துதானே என்பார்கள். சத்துதான். அது தண்ணியில் மிஞ்சினால் பாசி பெருகும், ஆகாயத்தாமரை வாய்க்காலை அடைக்கும். பகலில் வெயிலில் பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரி அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. அலுவலக நேரத்தில் வந்து பாட்டிலில் தண்ணி பிடித்துப் போகிறவருக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சையும் உண்டாக்கும். 2014-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஏறக்குறைய நாலு லட்சம் பேரைக் குழாய்த் தண்ணியைக் குடிக்காதே என்று நிறுத்தி வைத்தது இந்தப் பாசி நஞ்சுதான்.

சரி, நாடு முழுக்க ஒரே வரம்பு போட்டுவிட்டால் போதுமா? போதாது. ஒவ்வொரு தண்ணிக்கும் ஒவ்வொரு உடம்பு. கனடாவில் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாக்கி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசும் 1973-இல் கலந்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதிதான் பச்சையானது. நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் கடிவாளம் பாஸ்பரசின் கையில். கடலோர உப்புத் தண்ணியில் பல இடங்களில் அது நைட்ரஜனின் கையில். ஓடுகிற ஆறு தாங்குவதைத் தேங்கிய ஏரி தாங்காது.

நம்ம மாவட்டத்தையே பாருங்கள். கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணி வந்து தேங்குகிற வீராணம் ஒன்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஓதத்தில் ஏறி இறங்கும் பிச்சாவரம் இன்னொன்று. சிப்காட் ஆலைகளைக் கரையில் வைத்துக்கொண்டு கடல் ஓதமும் ஏறுகிற கடலூர் உப்பனாறு வேறொன்று. மூன்றுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? விஸ்கான்சின் மாநிலத்தில் 2010-இல் பாஸ்பரசுக்கு, பெரிய ஆறுகளுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், ஓடைகளுக்கு 0.075, ஏரிகளுக்கு அதைவிடக் குறைவு என்று வகுத்தார்கள். குறிப்பிட்ட ஒரு நீர்நிலைக்கு அது பொருந்தாவிட்டால் தனி வரம்பு வகுக்கவும் இடம் வைத்தார்கள்.

நம்ம சட்டம் பார்ப்பது குழாய் வாயை. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் கரைந்த பாஸ்பேட் பாஸ்பரசாக 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவு சொன்னது. அது குழாயிலிருந்து விழுகிற அளவு. ஆற்றின் உடம்பில் எவ்வளவு சேரலாம் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நாம் கேட்கவே இல்லை. கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது விழுகிற கழிவுதான் ஆறு. அதில் கரைவதற்குத் தண்ணி எங்கே? நகரச் சாக்கடைச் சுத்திகரிப்புக்கு 2015-இல் வந்த வரைவில் மொத்த நைட்ரஜன் 10 மில்லிகிராம் என்று ஒரு வரி இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரியைக் காணோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'இடத்துக்கு ஏற்ற வரம்பு' என்பது இரண்டு பக்கமும் வெட்டும். இந்த ஆறு ஏற்கனவே கெட்டது, இதற்கு எதற்குக் கடுமையான வரம்பு என்று நாளைக்கு ஒருத்தர் கோப்போடு வருவார். கெடுத்தவனே கெட்டதைக் காரணம் காட்டுவது நமக்குப் புதிதா? அழுக்கு வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, அழுக்கானவன் என்று நம்மையே ஒதுக்கி வைத்த நியாயம்தான் அது. ஆகவே இட வரம்பு பொது வரம்பைவிட இறுகலாம். தளரக் கூடாது.

வரம்பை எழுதுமுன் அந்தத் தண்ணிக்கு என்னென்ன பயன் என்று எழுத வேண்டும். அதை யார் எழுதுவது? 2004 முதல் வீராணத்துத் தண்ணி வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குப் போகிறது. அதே ஏரியின் தண்ணி மதகு வழியாகக் கடைமடைக்கும் வருகிறது, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல். வழியில் யூரியாவும் சாக்கடையும் சேருகிறது. யூரியா மூட்டையை வாங்குவது நிலக்காரர், வயலில் வீசுவது நம்ம ஆள், வழிந்து வந்து நிற்பது சேரியோர வாய்க்காலில். அங்கேதான் மாடு குளிப்பாட்டுகிறோம், துணி துவைக்கிறோம், நத்தை பொறுக்குகிறோம், நண்டு பிடிக்கிறோம், கெளுத்தியும் விராலும் பிடித்துக் குழம்பு வைக்கிறோம். இதெல்லாம் பயன்பாடு இல்லையா? ஏட்டில் ஒரே ஒரு சொல்தான்: பாசனம்.

எனவே நாம் கேட்க வேண்டியது இவை. வீராணம், உப்பனாறு, பிச்சாவரம் என்று நீர்நிலைவாரியாகப் பாஸ்பரசுக்கும் நைட்ரஜனுக்கும் வரம்பு வேண்டும். பயன்பாட்டுக் கணக்கைச் சேரித் தெருவில் உட்கார்ந்து, பெண்களிடம் கேட்டு எழுத வேண்டும். மாதிரியைத் தலைமதகில் மட்டுமல்ல, கடைமடையிலும் எடுக்க வேண்டும். விடியுமுன்னும் எடுக்க வேண்டும், கோடையிலும் எடுக்க வேண்டும். முடிவைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மய்யத்திலும் படிக்கிற நம்ம பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் கற்றதை வைத்து உங்க தெரு வாய்க்காலை ஒரு வருசம் அளந்து பாருங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால் அதிகாரியோடு பேசும் பேச்சே மாறும்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணி அள்ளிக் குடித்தார். அன்றைக்கு நம்மிடம் சொன்னது, தொடாதே என்று. இன்றைக்குச் சொல்வது, இதில்தான் நில், இதில்தான் வேலை செய், என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் கேட்காதே என்று. கேட்போம்.