துருவும் தழும்பும்



பொதிகை மலையடிவாரத்தில் பயிரிடும் நம் மக்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை புதிதன்று. பயிரைக் காக்கவென உரிமம் பெற்ற பழைய துப்பாக்கிகளைத் தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் இன்றும் உண்டு. நம் சபைப் பெரியவர் ஒருவரிடமும் தகப்பனார் விட்டுச்சென்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, வழக்கப்படி அவரும் அதை ஒப்படைத்தார்; குழலுக்குள் எண்ணெயிட மறந்துவிட்டார். திரும்பப் பெற்றபோது கட்டையும் குழலின் வெளிப்புறமும் பளபளத்தன. குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே செந்துரு.

பழுதுபார்ப்பவரிடம் அவர் சென்ற நாளில் நானும் உடன் சென்றேன். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்ட அந்தத் தொழிலாளி, எண்ணெய் தோய்ந்த வெண்கலத் தூரிகையை நீண்ட கம்பியில் மாட்டி, தோட்டா இடும் பக்கத்திலிருந்து செலுத்தித் தேய்த்தார். பின்பு துணியால் துடைத்தார். முதல் துணி சிவந்து வந்தது; அடுத்தது கறுத்து வந்தது; கடைசியில் வெள்ளையாகவே வந்தது. ஆயினும் உட்சுவரில் சிறு குழிகள் தெரிந்தன. அவை பழைய காலத்துத் தோட்டாக்கள் விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை இழுத்து, துடைக்கப்படாத நாட்களில் இரும்பை அரித்த தடங்கள்.

“இதையும் தேய்த்துக் கண்ணாடியாக்கித் தாருங்கள்” என்றார் பெரியவர். தொழிலாளி மறுத்துவிட்டார். ‘12 போர்’ எனப்படும் அக்குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழி மறையும்வரை தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போகும், சுவர் மெலியும், சுடும்போது குழலே பிளந்துவிடக்கூடும். “குழி ஆழமில்ல, கெடந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. துரு மட்டும் சேர விடாதீங்க” என்றார்.

அன்று முதல் என் மனம் திருவிருந்து வேளையை எண்ணிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் எழுந்து வரும்போது கடைசி வரிசையில் அமர்ந்தே இருந்துவிடும் சிலரை நான் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன்பே அறிக்கையிட்டு, சரிசெய்து, விட்டுவிட்ட பாவத்தை அவர்கள் இன்னமும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேயத் தேய அவர்களுடைய விசுவாசமே மெலிந்து போகிறது. இதில் போதகர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. துரு எது, தழும்பு எது என்று பிரித்துச் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் “இன்னும் தேய்” என்றே பிரசங்கித்துவிட்டோம்.

இன்று நாம் செய்துகொண்டிருக்கும் பாவம் துரு. வெளியே மினுக்கி அதை மறைக்க முடியாது; அகற்றியே ஆகவேண்டும். மன்னிக்கப்பட்ட பாவத்தின் நினைவோ தழும்பு. பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதிவைத்திருக்கின்றன. திருச்சபை அதை அழித்துவிடவில்லை. அந்தப் பேதுருவிடமே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார்.

கடைசி வரிசையில் இருக்கும் சகோதரனே, சகோதரியே, வருகிற ஞாயிறு எழுந்து வாருங்கள். தழும்போடு வாருங்கள். கர்த்தர் உங்களைப் புறம்பே தள்ளமாட்டார். ஆமென்.