தச்சனா, பாங்கு அதிகாரியா?

பசிக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று சொல்வது சுலபம். ஆனால் பசியை எதிர்த்து நிற்பதில் எல்லோரும் சமமா? ஒருவருக்கு மீன் பிடிக்கத் தெரியும். இன்னொருவருக்குப் பேரேடு எழுதத்தான் தெரியும். இருவரையும் ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டால், பேரேடு எழுதியவர் பாடு திண்டாட்டம்தான்!

இந்தச் சாதாரண உண்மைதான் வீடியோ விளையாட்டு உலகத்தில் ஒரு பெரிய வழக்காக நடந்து வருகிறது. 'உயிர் பிழைக்கும் விளையாட்டு' என்று ஒரு வகை உண்டு. பசி, தாகம், குளிர், காயம், பகை இத்தனைக்கும் நடுவே நம்முடைய பாத்திரத்தை உயிரோடு காப்பாற்ற வேண்டும், அதுதான் ஆட்டம். ஆபத்து வருவதற்கு முன்பு அந்தப் பாத்திரம் யாராக இருந்தது? தச்சனா, டாக்டரா, திருடனா? அதை ஆடுகிறவரே ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கலாமா, கூடாதா? இதுதான் வழக்கு.

'கூடாது' என்னும் கட்சி

'கூடாது' என்பவர்களிடம் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2011-ல் சுவீடனிலிருந்து முழு உருவில் வெளிவந்த 'மைன்கிராப்ட்' அது. அதில் யாருக்கும் பூர்வகதை கிடையாது. வெறுங்கையோடு வந்து நிற்கிறோம். மரத்தைக் கையால் குத்திக் கட்டை எடுக்கிறோம். கட்டையிலிருந்து கருவி செய்கிறோம். இருட்டுவதற்குள் ஒரு குடிசை போட்டுக் கொள்கிறோம். கட்டிய வீடும் வெட்டிய சுரங்கமும் நம் சொந்தச் சம்பாத்தியம். இதில் ஓர் அழகு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு வாதமும் சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்கச் சொன்னால், எது லாபம் என்று கணக்குப் பார்த்து எல்லோரும் ஒரே வேஷத்தைத்தான் கட்டுவார்கள்; அப்புறம் தேர்வு என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு 1985-லேயே பதில் சொல்லியாகிவிட்டது!

வண்டிப் பாதை சொன்ன பாடம்

'ஆரிகன் டிரெயில்' என்பது அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த விளையாட்டு. மின்னசோட்டா மாநிலத்தில், ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் 1971-ல் சரித்திர வகுப்புக்காக அதை உண்டாக்கினார்கள். மிசௌரியிலிருந்து ஆரிகனுக்குச் சுமார் 2,000 மைல் மாட்டு வண்டியில் போய்ச் சேர வேண்டும். வழியில் காலரா உண்டு, பாம்புக்கடி உண்டு, பெருக்கெடுத்த ஆறு உண்டு.

1985-ல் வந்த பதிப்பில், புறப்படும் முன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: நீர் யார்? பாஸ்டன் நகரத்துப் பாங்கு அதிகாரி என்றால் கையில் 1,600 டாலர். ஒஹையோ தச்சன் என்றால் 800 டாலர். இல்லினாய் விவசாயி என்றால் வெறும் 400 டாலர். காளையும் துணியும் தோட்டாவும் அந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும்.

பாங்கு அதிகாரிக்கே யோகம் என்று நினைக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகு மதிப்பெண் போடும்போது, தச்சன் வாங்கியதை இரண்டால் பெருக்குகிறார்கள். விவசாயி வாங்கியதை மூன்றால் பெருக்குகிறார்கள். ஒரே பாதை, ஒரே ஆறு, ஒரே நோய்தான். ஆனால் 400 டாலரோடு அதைக் கடந்தவன் செய்தது பெரிய காரியம் என்று அந்த விளையாட்டு ஒப்புக்கொள்கிறது. பரீட்சைத் தாளில் கூட இவ்வளவு நியாயத்தைக் காண்பது அரிது!

திருடனுக்கும் ஒரு திறமை

இந்த வழியை இன்னும் விரிவாக்கியது 'புராஜெக்ட் ஸாம்பாய்ட்'. 2013 முதல் ஸ்டீம் கடையில் கிடைக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் செத்தவர்கள் எழுந்து நடமாடுவதாகக் கற்பனை. தச்சனாக ஆடினால் பலகை அடித்து வீட்டை அடைப்பதில் முந்திக்கொள்ளலாம். படையில் இருந்து திரும்பியவனாக ஆடினால் பிணக்கூட்டத்தைக் கண்டு பதறமாட்டான். திருடனாக ஆடினால் சாவி இல்லாமலே காரைக் கிளப்பிவிடுவான்! வேலையில்லாதவனாகவும் ஆடலாம், அவனுக்குத் தொழில் தெரியாது, ஆகவே நற்குணங்களை வாங்கிக்கொள்ளக் கூடுதல் புள்ளி தருகிறார்கள்.

இங்கேயும் எதுவும் இனாம் இல்லை. ஒரு நல்ல குணம் வேண்டுமென்றால் ஒரு குறையைத் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சிகரெட் பழக்கம் உள்ளவன் என்று ஒப்புக்கொண்டால் புள்ளி கிடைக்கும். ஆனால் ஊரே அழிந்துகிடக்கும்போது, சோற்றைத் தேடுவதோடு சிகரெட்டையும் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆகவே, 'எல்லோரும் ஒரே வேஷம் கட்டுவார்கள்' என்ற பயத்துக்கு மருந்து, தேர்வை எடுத்துவிடுவது அல்ல. ஒவ்வொரு தேர்வுக்கும் உரிய விலையை வைப்பதே மருந்து.

பிறப்பு யார் கையில்?

சரி, எல்லாவற்றையுமே தேர்ந்தெடுக்க விட்டுவிடலாமா? அங்கேதான் ஒரு கோடு கிழிக்க வேண்டும். இங்கிலாந்தின் பேஸ்பஞ்ச் நிறுவனம் தயாரித்த 'ரஸ்ட்' விளையாட்டில், 2015-ல் ஆடுகிறவரின் தோல் நிறத்தை விளையாட்டே நிர்ணயித்தது. 2016-ல் ஆணா, பெண்ணா என்பதையும் அதுவே நிர்ணயித்தது. ஒருமுறை அமைந்தது அமைந்ததுதான், மாற்ற முடியாது. பலர் கூச்சல் போட்டார்கள். ஆனால் அந்த நிறத்தாலும் உருவத்தாலும் ஆட்டத்தில் பலமும் கூடவில்லை, பலவீனமும் சேரவில்லை.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். பிறப்பு நாம் கேட்டு வாங்கியதல்ல. தொழில் நாம் கற்றுக்கொள்வது. கற்றதைத் தேர்ந்தெடுக்க விடுவதும், பிறந்ததைச் சீட்டுக் குலுக்கலுக்கு விடுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பிறப்பை வைத்துப் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் தவறு.

விளையாட்டுதானே என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இவற்றை மணிக்கணக்கில் ஆடுகிறவர்களில் எத்தனையோ பேர் பள்ளி மாணவர்கள். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் ஓடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், பின்தங்கியவனைப் பார்த்ததும் அவன் வாயில் வருகிற முதல் வார்த்தை 'சோம்பேறி' என்பதாகத்தான் இருக்கும். 400 டாலரோடு ஒரு தடவை வண்டி கட்டிப் பார்த்த பிள்ளை அப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பான்.

எனவே விளையாட்டு செய்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பூர்வகதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தாருங்கள். அந்தப் பட்டியலில் வீரனையும் டாக்டரையும் மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள். வேலையில்லாதவனுக்கும், 400 டாலர் விவசாயிக்கும் அதில் இடம் வையுங்கள். அவர்கள் கரை சேர்ந்தால், மதிப்பெண்ணை மூன்றால் பெருக்க மறந்துவிடாதீர்கள்!