இல்லற விளக்கு: இருவராய் எங்கே செல்வது?

பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்பதே அக்கேள்வி. பிள்ளைகள் ஓர் ஊரைச் சொல்வர்; பெரியவர்கள் வேறோர் ஊரைச் சொல்வர்; இறுதியில் கையிருப்பு என்ன சொல்கிறதோ அதுவே நடக்கும். குடும்பமாகச் செல்லும் இத்தகைய பயணத்தைப் பற்றி யாவரும் பேசுகின்றனர். கணவனும் மனைவியும் இருவர் மட்டுமாய்ச் செல்லும் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். இத்திங்கள் அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

அருப்புக்கோட்டையில் தறி நெய்து வாழும் ஒரு தம்பதியரை நாம் அறிவோம். அவர்களது இசைவுடன், பெயரை மட்டும் விடுத்து, இதனை எழுதுகின்றோம். மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள்; இரண்டு பிள்ளைகள்; உடன் வயது முதிர்ந்த தாயார். வீட்டிற்குள்ளேயே விசைத்தறி. தறியின் ஓசை நின்றால்தான் அவ்வீட்டில் பேச்சுக் கேட்கும். அப்போது பேசுவதும் நூல் விலை, கூலி, வட்டி, பள்ளிக் கட்டணம் என்பனவே.

ஓராண்டு மே மாதத்தில் அவர்கள் கொடைக்கானலுக்குச் சென்றனர். உறவினரோடு சேர்த்துப் பதினொரு பேர். வாடகை வண்டி, கூட்டம், மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்ற வாகனங்கள், எடுத்துச் சென்ற அடுப்பில் பதினொரு பேருக்குச் சமையல். மூன்று நாளில் திரும்பினர். கடனும் உடன் வந்தது. அதன்பின் ஒரு மாலை அவர்கள் நம்மைக் காண வந்தபோது, கணவர் குறைபட்டுக்கொண்டார்: "இவ்வளவு செலவு செய்து அழைத்துச் சென்றேன், ஒருநாளும் இவள் முகம் மலரவில்லை." அம்மையார் தலை குனிந்தவாறே சொன்னார்: "மலைக்குப் போயும் நான் அடுப்படியில்தானே நின்றேன். உங்களோடு ஒரு நாழிகையாவது உட்கார்ந்து பேசினேனா?"

இக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. நம்மில் பலரிடமும் இருக்காது.

பாலையைப் பிரிவின் நிலம் என வகுத்தனர் நம் பண்டைப் புலவர். பொருள் தேடிச் செல்லும் கணவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி என்பது அவர்கள் கண்ட பிரிவு. இன்று ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில் உறங்கி எழும் கணவன் மனைவியரிடையேயும் ஒரு பிரிவு வளர்கிறது. அது சண்டையால் வருவதன்று, ஓய்வின்மையால் வருவது. பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில், இருபத்துநான்காம் அதிகாரத்தில், ஒரு சட்டம் உண்டு. புதிதாய் மணந்தவனைப் போருக்கு அழைக்கலாகாது. வேறு எப்பணியும் அவன்மேல் சுமத்தலாகாது. ஓராண்டுக் காலம் அவன் வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பது அதன் கருத்து. படை நடத்தி வாழ்ந்த ஒரு மக்களினமே இதற்கு ஓராண்டை ஒதுக்கியிருக்க, நாம் ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கத் தயங்கலாமா?

பயணங்கள் மூவகை. பிள்ளைகளோடும் உறவினரோடும் செல்வது சுற்றுலா. நேர்ச்சையோடும் செபத்தோடும் செல்வது திருயாத்திரை. கணவனும் மனைவியும் தனித்துச் செல்வது மூன்றாவது. மூன்றும் நல்லவையே. ஆனால் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் நிறைவுறாது. நம் தறிக்காரத் தம்பதியருக்கு நேர்ந்தது அதுவே.

அப்படியானால் இருவர் செல்லும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? முதலாவது, கேட்டறிக. "உனக்கு எந்த இடம் பார்க்க ஆசை?" என்று மனைவியிடம் கேட்ட கணவர் எத்தனை பேர்? இரண்டாவது, பருவம் பார்க்க. எல்லாரும் செல்லும் காலத்தில் செல்வோர்க்குக் கூட்டமும் கூடுதல் வாடகையுமே மிஞ்சும். மூன்றாவது, வழியில் கழியும் நேரத்தை எண்ணுக. இரண்டு நாள் ஓய்வில் ஒன்றரை நாள் பேருந்திலேயே போய்விட்டால் மிஞ்சுவது களைப்பே. நான்காவது, கடன் வாங்கிச் செல்லற்க. திரும்பிய மறுநாள் வட்டிக்காரர் வாசலில் நின்றால் கண்ட காட்சியெல்லாம் மறந்துபோகும்.

இவ்வளவுகோலை வைத்துச் சில இடங்களைப் பார்ப்போம். கொடைக்கானல் நல்ல இடம்தான். 1845இல் அமெரிக்க மிஷனரிமார் முதல் வீடுகளை எழுப்பிய மலை அது. ஏரி 1863இல் அமைக்கப்பட்டது. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களில் தனிமையை நாடி அங்குச் செல்வது, அமைதியை நாடிச் சந்தைக்குச் செல்வது போலாம். நெரிசலின் காரணமாக, நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதத்தில் அங்குச் செல்லும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறையே வந்துவிட்டது. பள்ளிகள் திறந்தபின் செல்வோர்க்கு அதே மலை வேறு முகம் காட்டும். புறப்படுமுன் அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

குற்றாலத்திற்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களே காலம். அருப்புக்கோட்டை வழியே செங்கோட்டைக்குச் செல்லும் சிலம்பு விரைவு வண்டி தென்காசியில் நிற்கும். அங்கிருந்து குற்றாலம் அருகே. ஆனால் அருவியில் ஆண்களுக்கு ஒருபுறம், பெண்களுக்கு ஒருபுறம். பிள்ளைகளோடு செல்வோர்க்கு இன்பம்தான்; இருவர் பேசிக்கொண்டிருக்க விரும்பினால், குளித்து முடித்தபின் அமர ஓர் அமைதியான இடம் தேட வேண்டியிருக்கும்.

கடல் காண விரும்புவோர்க்குத் தூத்துக்குடி நெடுஞ்சாலை நம் ஊர் வழியேதான் செல்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு உள்ளது. புனித சவேரியார் 1542இல் வந்து தங்கிய குகை அங்கே கடலோரத்தில் இருக்கிறது. குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14ஆம் நாள் திருநாளுக்குச் செல்வது திருயாத்திரை. இருவராய் அமர்ந்து அலையைப் பார்க்க விரும்பினால் கூட்டமில்லாத வேறொரு வாரநாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இவையெல்லாம் தொலைவு என்போர்க்கு நம் கரிசல் சீமையே போதும். "இந்த வறண்ட காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கோடையில் பார்ப்பவர்க்குச் சீமைக்கருவேலமும் வெடித்த நிலமும்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய்கள் நிரம்பியபின் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் அதே மண் பச்சை உடுத்தி நிற்கும்.

அரை நாள் போதுமென்றால் திருச்சுழிக்குச் செல்லுங்கள். குண்டாற்றங்கரையில் அமைந்த பழமையான ஊர். திருமேனிநாதர் கோயில் உள்ள ஊர். இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். அங்கிருந்து நரிக்குடி, மானாமதுரை வழியே சென்றால், வைகைக் கரைப் பக்கத்தில் இடைக்காட்டூர். பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, சேசு சபையைச் சேர்ந்த பெர்டினாண்டு செல் அடிகளார் 1894இல் எழுப்பிய திரு இருதய ஆலயம் அங்கே இருக்கிறது. வாரநாளில் சென்றால், ஆலயத்தின் உள்ளே இருவரும் வேண்டிய மட்டும் அமைதியாக அமர்ந்திருக்கலாம்.

கமுதி வழியே முதுகுளத்தூர்ப் பக்கம் சென்றால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்னும் இரு கண்மாய்கள். 1989 முதல் இவை பறவைகள் சரணாலயங்கள். ராம்சார் உடன்படிக்கையின் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. உழவுக்கு நீர் தரும் சாதாரணக் கண்மாய்கள்தாம். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வருவதில்லை. எனவே விசாரித்துவிட்டுப் புறப்படுவது நன்று. உணவும் குடிநீரும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

நம் தம்பதியரிடம் நாம் சொன்னதும் இதுவே. அடுத்து வந்த தை மாதத்தில், மழை நன்கு பெய்திருந்த ஆண்டு, ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு இருவரும் சித்திரங்குடிக்குப் பேருந்து ஏறினர். பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொண்டார். தொடக்கத்தில் அம்மையார் தயங்கினாராம். "அத்தை என்ன நினைப்பார்களோ, இந்த வயதில் இது என்ன என்று தெருவார் சிரிப்பார்களோ" என்பது அவர் அச்சம். மாமியாரே முந்திக்கொண்டு, "போய் வாம்மா. நான் போகாமல் விட்டது போதும்" என்று அனுப்பிவைத்தாராம். அப்பெரியவரின் சொல்லை நம் மாமியார்கள் யாவரும் மனத்தில் கொள்க.

கரைமேல் புளியஞ்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருவரும் அமர்ந்திருந்தனர். எதிரே கருவேல மரத்தில் ஒரு நாரைக் கூடு. நாரைகளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மாறி மாறி இரை தேடும். வெயில் ஏறினால் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். நெடுநேரம் அதனையே பார்த்திருந்த அம்மையார் திடீரென்று கேட்டார்: "நம் பிள்ளையை எந்த இடத்தில் வைத்தீர்கள்?"

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குப் பிறந்த ஓர் ஆண்மகவு மூன்றாம் நாள் மறைந்தது. தாய் மருத்துவமனையில் கிடந்தார். தந்தையே கையில் ஏந்திச் சென்று பங்குக் கல்லறையில் அடக்கம் செய்தார். அன்றிலிருந்து வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. பேசினால் இவள் உடைந்துபோவாள் என்று அவர் அஞ்சினார். அவர் மறந்தே போனார் என்று இவர் எண்ணினார். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று, பெற்றோர் கல்லறையில் செபித்து எல்லாரும் திரும்பிய பின், இருட்டியதும் அவர் தனியே சென்று ஒரு மூலையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்ததை அம்மையார் அறியார். அன்று அந்தக் கண்மாய்க் கரையில் அவர் அதனைச் சொன்னார். இருவரும் அழுதனர். அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், இருவரும் சேர்ந்தே அவ்விடத்திற்குச் சென்றனர்.

அப்பயணத்திற்கு ஆன செலவு பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும்தான். கொடைக்கானலில் எடுத்த படங்களைவிட அந்த ஒரு பகல் தங்களுக்கு மறக்காது என்று கணவர் நம்மிடம் கூறினார். கொடைக்கானலின்மேல் குறையில்லை. அங்கே இருவர் மட்டுமாய் அமர நேரம் கிட்டவில்லை; கண்மாய்க் கரையில் கிட்டியது, அவ்வளவே.

எனவே, அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாண்டு நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துவையுங்கள். மணநாள் நினைவானாலும் சரி, வேலை குறைந்த ஒரு வாரநாளானாலும் சரி. வீட்டிலுள்ள பெரியோர் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு இளையோரை அனுப்பிவையுங்கள். செல்பேசியைப் பையில் வையுங்கள். எங்கே செல்வது என்று இன்றிரவு உணவு முடிந்ததும், கணவர் மனைவியிடமும் மனைவி கணவரிடமும் கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியிலேயே உங்கள் பயணம் தொடங்கிவிடும்.