மூன்று குமிழ் போதும்

போன மாதம் ஒரு மாலை, எங்கள் தெரு நண்பர் ஒருவர் மகனோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். காபி குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்க அந்தக் காலத்துல ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சவராச்சே, ஒரு யோசனை சொல்லுங்க. பையன் பேஸ் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் கேட்கிறான். 80 ஆயிரமாம். பி.எஃப்.ல லோன் போடலாமான்னு பார்க்கிறேன்."

"கிடார் எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"12 ஆயிரம் சார்."

பையன் கைபேசியில் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினான். முகப்பில் இருந்த குமிழ்களை எண்ணினேன். பத்தொன்பது! அது போதாதென்று காலால் மிதிக்கும் பலகை ஒன்று வேறு. "இது இல்லாம டோன் வராது தாத்தா. கடையில அப்படித்தான் சொல்றாங்க" என்றான்.

அந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இன்று எழுதுகிறேன். டோன் என்று அவன் சொன்ன நாதம் வாசிப்பவனின் இரண்டு கைகளில் இருக்கிறது. அதைக் கடையில் விற்க முடியாது. விற்கிறேன் என்று சொல்பவரை நம்பி, 35 வருடம் உழைத்தவர் பி.எஃப். பணத்தில் கை வைக்கக்கூடாது.

நான் பகலில் குமாஸ்தா, ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். 1970களின் கடைசியிலிருந்து பன்னிரண்டு வருடம் அப்படி ஓடியது. என் பெட்டியில் இருந்தவை மூன்றே குமிழ்கள்: வால்யூம், பேஸ், ட்ரெபிள். அதில் ட்ரெபிள் பாதி நாள் கரகரக்கும். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், பொருட்காட்சி என்று எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான் வந்தது.

அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு நாதம் எப்படி மாறியது? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் கிடாருக்கு நான்கு தந்திகள். தடித்த தந்தியைத் தொடாமல் மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள். அதே தந்தியைக் கழுத்துப் பக்கமாக மீட்டுங்கள், உருண்டையாக, கனமாக வரும். நான்கு அங்குலம் தள்ளி பிரிட்ஜ் பக்கம் மீட்டுங்கள், இறுக்கமாக, கூர்மையாக வரும். தந்தியின் ஓரத்தில் மீட்டினால் மேல் ஸ்வரங்களின் அதிர்வு கூடும், நடுவை நெருங்க நெருங்க அது குறையும். வீணைக்கும் இதே கதைதான். விரலின் சதை பட்டால் ஒரு குரல், நகம் பட்டால் வேறு குரல். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் லேசாக வைத்தால் 'தும் தும்' என்று அடங்கிப் பேசும். இத்தனைக்கும் குமிழைத் தொட வேண்டாம்.

இடது கை இன்னும் முக்கியம். கட்டையை ஒட்டி அழுத்தினால் ஸ்வரம் சுத்தமாக வரும். தள்ளி அழுத்தினால் தந்தி 'ஞொய்' என்று கத்தும். அந்த 'ஞொய்'யை எந்தப் பெட்டியும் சரி செய்யாது, பெரிதாக்கித்தான் காட்டும். எந்த இடத்தில் ஸ்வரத்தை நிறுத்துகிறோம் என்பது இன்னொன்று. பேஸ் வாசிக்கிறவன் பாதி நேரம் வாசிப்பது மௌனத்தைத்தான். தபலாக்காரர் விட்ட இடைவெளியில் நம் தந்தி இழுத்துக்கொண்டே இருந்தால் பாட்டு சேற்றில் சிக்கிய மாட்டுவண்டி மாதிரி நகரும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு கல்யாணத்துக்கு, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கிப் போனேன். நிறைய குமிழ்கள். தனியாகத் திருகிப் பார்த்தபோது அடித்தளமே அதிர்ந்தது, எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் எங்கள் மாஸ்டர் அருகில் வந்து, "சத்தம் வருதுப்பா. நீ என்ன வாசிக்கிறேன்னுதான் தெரியல" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் சொன்னது சரி என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.

ஏன் சரி? நீங்களே சாட்சி. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பின் வந்த இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டே பாடும். அதை நாமெல்லாம் எதில் கேட்டோம்? டிரான்சிஸ்டரில். அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான், 41 அதிர்வை அது வெளியே விடவே முடியாது. ஆனாலும் பேஸ் கேட்டது! அந்த ஸ்வரத்தின் மேல் அதிர்வுகள் மட்டும் ஸ்பீக்கரில் வந்தன. கீழே இருக்க வேண்டியதை நம் காதும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொண்டன. ஆக, பேஸ் நமக்குப் புரிவது பெரும்பாலும் நடுப்பகுதி ஒலியால்தான்.

பத்தொன்பது குமிழ் கையில் கிடைத்த பையன் முதலில் என்ன செய்வான்? கீழ் ஒலியை ஏற்றுவான், மேல் ஒலியை ஏற்றுவான், நடுவை இறக்குவான். அறையில் தனியாகக் கேட்க அது அமிர்தமாக இருக்கும். மேடையில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும் அவன் வாசிப்பு காணாமல் போகும். உடனே வால்யூமை ஏற்றுவான். அவனைப் பார்த்துக் கீபோர்டுகாரர் ஏற்றுவார், டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார், பாடுகிறவர் மைக்கை விழுங்குவார். கல்யாண மண்டபத்தின் சிமெண்டுச் சுவர்களுக்குள் அந்தக் கீழ் ஒலி மூலைக்கு மூலை தேங்கி நிற்கும்.

நாற்பது வருடம் பார்க்காத சிநேகிதரை ரிசப்ஷனில் சந்தித்து, பேச முடியாமல் கையை ஆட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறீர்களா? நான் திரும்பியிருக்கிறேன். அந்தச் சிநேகிதரை அதற்குப்பின் நான் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சு, இவங்களுக்குச் சத்தம் ஆகாது" என்று இளையவர்கள் சொல்கிறார்கள். இல்லை ஐயா. நடுவை வெட்டிவிட்டு வால்யூமை ஏற்றுகிறீர்களே, அதுதான் ஆகாது.

வாட் கணக்கும் இப்படித்தான். 100 வாட்டை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். இரண்டு மடங்காகத் தோன்ற, சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். விலைச்சீட்டில் இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

"அது உங்க காலம் தாத்தா, வெளிநாட்டுக்காரங்க எல்லாம்..." என்று பையன் ஆரம்பித்தான். சரி, வெளிநாட்டுக்கே போவோம். அமெரிக்காவில் 1960-ல் ஆம்பெக் கம்பெனி பி-15 என்ற பேஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 25 வாட், திருகுவதற்கு வால்யூம், பேஸ், ட்ரெபிள். ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்கு இன்றும் மரியாதை உண்டு. டெட்ராய்டில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். தந்திகளை எளிதில் மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் பஞ்சு ஒன்று கிடக்கும். அவருடைய கிடாரில் இருந்ததே இரண்டு குமிழ். ஒலிப்பதிவில் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரே இல்லாமல் நேரே ஒலிப்பலகையில் செருகி வாசித்தார். அவர் 1983-ல் காலமானார். அந்த ஒற்றை விரலை உலகம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டிகள் எல்லாம் தெய்வம் இல்லை. உறுமும், சூடேறும், தூக்கினால் இடுப்பு போகும். மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன் வாசிக்கிறவருக்கு நிறைய கருவிகள் வேண்டும்தான். என்ன நாதம் வேண்டும் என்று மனதில் கேட்டுவிட்டு அதைத் தேடிக் குமிழைத் திருகுகிற வித்வானிடம் எனக்குச் சண்டை இல்லை. கை பழகுமுன் குமிழ் வாங்குவதோடுதான் சண்டை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்போது கூடத்தை இடித்துக் கட்ட லோன் வேறு கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ கேட்கலாம். மறுக்காதீர்கள், ஆசை நல்லது. மூன்று குமிழ் உள்ள சின்னப் பெட்டியாக வாங்கிக் கொடுங்கள், செகண்ட்ஹாண்டாக இருந்தாலும் சரி. மூன்றையும் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே ஸ்வரத்தை, குமிழைத் தொடாமல், ஐந்து விதமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய அன்றைக்குப் பெரிய பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

நண்பரின் மகனிடமும் இதைத்தான் சொன்னேன். பரணில் கிடந்த என் பெட்டியை இறக்கி, கரகரப்பைச் சரி செய்து, ஆறு மாதம் வைத்துக்கொள் என்று கொடுத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் எடுத்துப் போனான். ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். இதுவரை மூன்று விதம் வந்திருக்கிறது. லோன் விண்ணப்பம் நண்பரின் மேஜை டிராயரிலேயே இருக்கிறது.