தேதியைக் குறித்து வையுங்கள்



மைசூரு என்றதும் அரண்மனையும் தசராவும்தான் நினைவுக்கு வரும். இந்த மாதம் அந்த ஊரின் மருத்துவமனைப் பதிவேடு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1906-இல் தொடங்கப்பட்ட ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊர்க்காரர்கள் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் பதிவேட்டில் ஏறின. 1934-க்கும் 1954-க்கும் இடையே அங்கே பிறந்த 517 பேரைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களிடம் அது 3 சதவீதம்தான். 1996-இல் ‘லான்செட்’ இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

பிறக்கும்போது உள்ள எடை கருவிலேயே உருவாவதுதானே? அதே மருத்துவமனையில் 1997-98-இல் கர்ப்பிணிகளிடம் இன்னோர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் 43 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. சாப்பாட்டையும் மாத்திரையையும் கொண்டு சரிசெய்யக்கூடிய குறைதான் இது. ஆனால், கரு தங்கியிருப்பது தெரிந்தால்தானே கவனிக்க முடியும்?

நாள் தள்ளிப்போவதுதான் முதல் அறிகுறி. சிலருக்கு அதற்கு முன்பே மார்பு கனத்து வலிக்கும். காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, நேற்றுவரை பிடித்த காபி வாசனை இன்று குமட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. மசக்கை வாந்தி பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். சிலருக்கு வரவே வராது. லேசாகத் திட்டுத் திட்டாக உதிரம் பட்டால், அதையே மாதவிடாய் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பி.சி.ஓ.டி., மன அழுத்தம் இவற்றாலும் நாள் தள்ளும். ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நாள் தள்ளியதும் கார்டு டெஸ்ட் செய்துகொள்ளலாம். கருவுற்றபின் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்று அது காட்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. உறையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கோடு விழாமல், மாதவிடாயும் வராமல் இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள். ஆஷா பணியாளர்களிடமும் இந்தக் கார்டு கிடைக்கும்.

டாக்டர் முதலில் கேட்பது, கடைசியாகப் பீரியட்ஸ் தொடங்கிய தேதியை. கர்ப்பத்தின் கணக்கு அன்றிலிருந்துதான். அதனால் நாள் தள்ளியிருக்கிறது என்று நாம் உணரும்போதே நான்கு வாரம் ஆகிவிடுகிறது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். வலிப்பு, ரத்த அழுத்தம், தைராய்டு என்று ஏதாவது மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்கப் போனாலும் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள்.

கார்டில் கோடு விழுந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். கர்நாடகத்தில் தாயி கார்டு தருவார்கள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் பிக்மி என்ற பதிவு எண்ணை வாங்கித் தருவார். கர்ப்பத்தைத் தொடர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் சீக்கிரம் தெரிவது நல்லது. சட்டம் அனுமதிக்கும் பாதுகாப்பான வழி அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. “விசேஷம் ஏதும் உண்டா?” என்று மாதாமாதம் கேட்டு அந்தப் பெண்ணை வாட்டாதீர்கள். நாள் தள்ளியிருக்கிறது என்று அவளே சொல்லும்போது, சோதிடரையும் சடங்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவளோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்