காமிரா யார் பக்கம் நிற்கிறது?

போர்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கதாநாயகனின் வீரத்தைப் பற்றிப் பேசுகிறோம். வசனத்தைப் பற்றிப் பேசுகிறோம். நம்மை அழவும் அஞ்சவும் ஆத்திரப்படவும் வைத்த காமிராவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தபால் அட்டையின் நடுவே தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். மாடியில் நின்று, அட்டையைக் கண்ணருகே பிடித்துக் கபடி ஆட்டத்தைப் பாருங்கள். ஆடுபவர்கள் சதுரங்கக் காய்களைப் போலத் தெரிவார்கள். இப்போது இறங்கி வந்து தரையில் உட்காருங்கள். கையை நீட்டி, பிடிபட்டவனின் முகம் மட்டும் ஓட்டைக்குள் அடங்குமாறு பாருங்கள். மூச்சிரைப்பும் வேதனையும் தெரியும். ஆட்டம் ஒன்றுதான், உங்கள் மனம்தான் மாறிவிட்டது.

காமிராவுக்குள் இருக்கும் விஞ்ஞானத்துக்கும் இதில் பங்கு உண்டு. சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஷட்டர் என்னும் சுழலும் வட்டத் தகட்டில் வழக்கமாக 180 பாகை திறந்திருக்கும். எனவே ஒவ்வொரு படத்திலும் 1/48 விநாடி ஒளி விழுகிறது. அதற்குள் ஓடுபவனின் கால் நகர்ந்துவிடுவதால் சற்று மங்கலாகப் பதிகிறது. அந்த மங்கல்தான் அசைவைச் சீராகக் காட்டுகிறது.

1998-இல் வெளிவந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் 1944 ஜூன் 6-ஆம் நாள் நடந்த நார்மண்டி கடற்கரைத் தாக்குதல் வருகிறது. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி அக்காட்சிகளில் ஷட்டரின் திறப்பை 90 பாகையாகவும் 45 பாகையாகவும் குறைத்தார். 45 பாகை என்றால் 1/192 விநாடிதான். சிதறும் மணல்கூடக் கூர்மையாகப் பதிந்தது. அசைவு வெட்டி வெட்டித் தெரிந்தது. காமிராவைக் கையில் பிடித்தபடி, வீரர்களின் தலைமட்டத்தில் படமெடுத்தார்கள். பார்ப்பவரையும் திகில் பற்றிக்கொண்டது.

ஆனால் அதே காட்சியில், இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் ஜெர்மானியரைக் காமிரா முதுகுப் பக்கத்திலிருந்து நிழலுருவாகவே காட்டுகிறது. முகமில்லாதவனுக்காக யார் இரங்குவார்?

1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' என்னும் அமெரிக்கப் படம் வேறு வழியில் சென்றது. முதல் உலகப் போர் முடிந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போரில் எதிரியாக இருந்த ஜெர்மன் வீரனையே அது நாயகனாக்கியது. அவன் ஒரு குண்டுக்குழிக்குள் பிரெஞ்சு வீரன் ஒருவனைக் குத்திவிட்டு, அவன் அருகிலேயே இரவைக் கழிக்கிறான். இறந்தவனின் முகத்தைக் காமிரா நெருங்கிக் காட்டுகிறது. எதிரி மனிதனாகிவிடுகிறான்! நாஜிகளால் அந்தப் படத்தைப் பொறுக்க முடியவில்லை. பெர்லின் திரையரங்கில் கலகம் செய்தார்கள். 1930 டிசம்பரில் ஜெர்மனியில் அது தடை செய்யப்பட்டது.

"காமிராவை எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அது எங்கே வைக்கப்பட்டது என்று அறியாமல் நாம் கைதட்டுவது ஆபத்து. கைபேசியில் வரும் போர்ச் செய்திப் படங்களுக்கும் இது பொருந்தும். விமானத்திலிருந்து பார்த்தால் குண்டு விழுந்த இடம் வெறும் புகைப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கலாம்.

அடுத்த போர்ப் படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். காமிரா யார் பக்கம் நிற்கிறது? யாருடைய முகத்தை நெருங்குகிறது? யாரை ஒருமுறைகூட நெருங்கவில்லை? கண்ணீர் வந்தால் வரட்டும். கூடவே கேள்வியும் வரட்டும்.