பாரிமுனைக் குறிப்புகள் - 17: கன்டெய்னரும் பெருக்கெண்ணும்

மக்களே, போன வாரம் அத்தோ கடை பற்றி எழுதப்போறேன்னு சொல்லியிருந்தேன். அத்தோ எங்கேயும் ஓடிடாது, அடுத்த முறை பார்க்கலாம். இந்த வாரம் லாரி.

எங்க ஊர் தன்லியினைத் தெரியாதவங்களுக்கு: யாங்கோனுக்கு எதிர்க்கரை, நடுவில் பாகோ ஆறு. வெள்ளைக்காரன் காலத்தில் சிரியம்னு பேரு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்த இடம். எங்க தாத்தாக்கள் வந்து இறங்கின கதையெல்லாம் அதை ஒட்டித்தான். 1993-ல் பாலம் வந்தது. தெற்கே திலாவாவில் துறைமுகம் வந்தது, 2015-ல் பொருளாதார மண்டலமும் திறந்தாங்க. அதுக்கப்புறம் சைக்காவும் லைன்காரும் போய்க்கிட்டிருந்த ரோட்டில் நாற்பதடி கன்டெய்னர் லாரிகளும் போக ஆரம்பிச்சது. (சைக்கான்னா, சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு சீட்டு, ஒருத்தர் முன்னால பார்த்தும் ஒருத்தர் பின்னால பார்த்தும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரணும். சின்ன வயசில் பின் சீட்டுக்குத்தான் எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை.)

பர்மா ரோட்டில் ஒரு விசேஷம் உண்டு. 1970 டிசம்பரில் நே வின் ஒரே நாளில் நாட்டையே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாத்திட்டார். ரோடு மாறிச்சு, வண்டி மாறலை. அதுக்கப்புறம் பல வருஷம் வந்ததெல்லாம் ஜப்பான் பழைய வண்டிகள், ஸ்டியரிங் வலது பக்கம். அதாவது டிரைவர் ரோட்டு ஓரமா உட்கார்ந்திருப்பார். முன்னால போற வண்டியை முந்தணும்னா எதிரே என்ன வருதுன்னு அவருக்குத் தெரியாது. வண்டியோட மூக்கை முழுசா வெளியே நீட்டினாத்தான் தெரியும். அதுக்குத்தான் இடது சீட்டில் 'ஸ்பேர்' உட்காருவான். அவன் எட்டிப் பார்த்து "ஸ்வே, ஸ்வே"ன்னு கத்தினா டிரைவர் மிதிப்பார். ஸ்பேர் தூங்கிட்டா? அல்லது சம்பளம் மிச்சம்னு முதலாளி ஸ்பேரே போடலைன்னா?

எங்க தெரு அக்கா ஒருத்தவங்க வீட்டுக்காரருக்கு நடந்தது அதுதான். லைன்காரை முந்த வெளியே வந்த கன்டெய்னர், எதிரே தன் ஓரத்தில் சைக்கா மிதிச்சுக்கிட்டு வந்த மனுஷனைப் பார்க்கலை. வயசு 38. இரண்டு பிள்ளைங்க, வயசான அம்மா. லாரிக்காரங்க ஈமச் செலவைக் கொடுத்தாங்க, அரிசி மூட்டை இறக்கினாங்க, கூட ஒரு கவர். வார்டு பெரியவர் முன்னால காகிதத்தில் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. போன வாரம் அக்கா போனில் கேட்டாங்க, "தம்பி, நீ சட்டம்தானே படிக்கிற? அங்க இப்படி ஆச்சுன்னா எவ்வளவு தருவாங்க?"

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சென்னையில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகும், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கு. அங்கேதான் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கணக்கு எப்படின்னு உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் சொல்லியிருக்கு. மாசம் 15,000 ரூபாய் சம்பாதிச்சார்னு வைங்க. வருஷத்துக்கு 1,80,000. நாற்பது வயசுக்குக் கீழே, சொந்தத் தொழில். அதனால எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டு, 2,52,000. அவரை நம்பி நாலு பேர். அதனால அவரோட சொந்தச் செலவுன்னு கால் பாகம் கழி, 1,89,000. 36-லிருந்து 40 வயசுக்குப் பெருக்கெண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். ஈமச் செலவு, மனைவியின் துணை இழப்பு எல்லாம் இதுக்கு மேலே தனி.

ஒரு மனுஷனைப் பதினஞ்சால் பெருக்குறதான்னு முதல் வருஷம் வகுப்பில் எனக்குக் கோபம் வந்தது. இப்ப வரலை. அரிசி மூட்டைக்கு அந்தப் பெருக்கல் எவ்வளவோ மரியாதை.

சரி, இதெல்லாம் ஏன் எங்களுக்கு இல்லை? 1855-ஆம் வருஷத்து உயிர்ச்சேத விபத்துச் சட்டம் இரண்டு நாட்டுக்கும் பொது, ஏன்னா பர்மாவும் அப்ப இந்தியாவோட ஒட்டித்தான் ஆளப்பட்டது. அலட்சியத்தால் சாவு விளைவிப்பதற்கான 304-ஏ பிரிவும் 2024-ல் இந்தியாவில் புதுச் சட்டம் வர்ற வரைக்கும் அப்படித்தான் இருந்தது, பர்மாவில் அதே நம்பர். ஆனா 1937-ல் பர்மாவைப் பிரிச்சுட்டாங்க. இந்தியாவோட மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. தீர்ப்பாயம் அதுக்கு 1956-ல் வந்த திருத்தம். இரண்டே வருஷத்தில் பஸ்ஸை விட்டுட்டோம்! எங்களுக்கு மிச்சம் சிவில் கோர்ட்டு: கட்டணம், வக்கீல், வருஷக்கணக்கு. 2021-க்கு அப்புறம் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே ஜனங்க யோசிக்கிறாங்க. யார் போவாங்க?

இந்தியாவில் பாலும் தேனும் ஓடுதுன்னு சொல்ல வரலை. காப்பீட்டு கம்பெனி வக்கீல் முதலில் லைசென்ஸைப் பிடிப்பார், அப்புறம் "இறந்தவர் மேலும் தப்பு உண்டு"ம்பார். கேஸ் இழுக்கிற இழுப்பில் லோக் அதாலத்தில் கிடைச்சதை வாங்கிட்டுப் போற பொம்பளைங்களை நானே பார்த்தேன். 2022 ஏப்ரலிலிருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு வேற கெடு வச்சுட்டாங்க. இறந்தவருக்கு திதி கொடுத்து முடிக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடுது.

டிரைவர் பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். 2020 பிப்ரவரியில் அவிநாசி பக்கத்தில், ஓடு ஏத்தின கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிப் போய் கேரளா பஸ்ஸில் மோதி 19 பேர் போனாங்க. டிரைவர் அசந்துட்டார்னுதான் சொன்னாங்க. அப்ப இருந்த 1961 சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைதான். எட்டு மணி நேரம் ஓட்டுற லாரி டிரைவரை யாராவது பார்த்திருந்தா எனக்கும் காட்டுங்க :) இடிச்சுட்டு சொல்லாம ஓடினா பத்து வருஷம்னு புதுச் சட்டம் வந்தப்ப, 2024 ஜனவரியில் நாடு முழுக்க வண்டியை நிறுத்தினாங்க. நின்னா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்க, ஓடினா பத்து வருஷமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அந்த உட்பிரிவை மட்டும் அமல்படுத்தாம நிறுத்தி வச்சாங்க. முதலாளியை யாரும் பத்து வருஷம் போடணும்னு கேட்கலை, கவனிச்சீங்களா?

ஊரில் இருக்கிறவங்களுக்குச் சில விஷயம். இப்படி ஏதாவது ஆச்சுன்னா, லாரித் தலையோட நம்பரையும் பின்னால இழுக்கிற டிரெய்லர் நம்பரையும் தனித்தனியா போட்டோ எடுங்க, இரண்டுக்கும் முதலாளி வேற வேறயா இருக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. வண்டி லைசென்ஸோட மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் பணம் கட்டியிருப்பாங்க, அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. தொகை பெரிசா இருக்காது, ஆனா அது கவரில் வர்ற தருமப் பணம் இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியது. பர்மிய மொழியில் எழுதின காகிதம்னா, வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு கடைசி வரி வரை படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

அக்காகிட்ட 28 லட்சம் கணக்கைச் சொல்லவா வேண்டாமான்னு இரண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எங்க மனுஷனுக்கு அவ்வளவு மதிப்பா?"ன்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட்ட காகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ங்கிற வரி அதில் இருக்கான்னு முதலில் பார்க்கணும்.